ராம்நாடு ஜில்லாவின் இரண்டு முனைகள்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1985 மார்ச் 15 வரை யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அதுவரை விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. மேற்கு முனையில் சிவகாசி, கிழக்கு முனையில் கடலுக்குள் ராமேஸ்வரம். 1910இல் உண்டான அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இரண்டிலும் இல்லாமல் மதுரையில் இருந்தது தனி வேடிக்கை.

ஒரே ஜில்லாவாக இருந்தபோது தீவு எட்டாத தூரத்தில் இருந்தது. ஜில்லா பிரிந்த பிறகுதான் பக்கத்தில் வந்தது.

அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் போவதென்றால் அது ஊர் சுற்றல் இல்லை. தகப்பனுக்குத் திதி கொடுக்க வேண்டும், பிள்ளை வரம் கேட்க வேண்டும், அல்லது காசிக்குப் போய்வந்து கங்கை நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிவகாசிக்காரர்களுக்குக் காசி ஒரு விதத்தில் வீட்டு வாசலிலேயே இருந்தது. தென்காசிப் பாண்டியன் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம் வழியில் தங்கிவிட்ட ஊர் என்றுதான் ஊர்க்கதை. ராமேஸ்வரம்தான் தூரம். விருதுநகரிலிருந்து மானாமதுரைக்கு நேர் ரயில் 1960களில்தான் வந்தது. அதற்கு முன் மதுரை போய் ரயில் மாற வேண்டும். மண்டபம் வரை வந்த பிறகு ரயிலை விட்டால் படகு. கட்டுச்சோறு, புளியோதரை, சாத்தூர் சேவு, மாற்றுத்துணி மூட்டையோடு இறங்குகிற குடும்பம் அங்கே ஏதாவது சத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் திரும்பும். வேறு வழியும் இல்லை.

ஆனால் தூரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் கரையேறினார். எதிர்கொண்டு வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் பேசிய சுவாமி, ஏழைகளிடத்தில் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்றார். அதே ஆண்டு மே மாதம், அதே சேதுபதி பரம்பரை அறங்காவலராக இருந்த கமுதி கோயிலுக்குள் தடையை மீறிச் சில நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. இடையில் 1899 ஜூனில் கோயில் நுழைவுப் பகையில் சிவகாசியே கலவரத்தில் எரிந்தது. தலித் மக்களின் நிலை இதைவிட மோசம். 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவும் அதையொட்டி வந்த சட்டமும், பிறகு 1947ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துதான் கோயில் வாசல்களைத் திறந்தன. ராமேஸ்வரம் பிரகாரத்தின் அழகைப் பற்றி எழுதுகிற சுற்றுலாக் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. எங்கள் பகுதி ஆட்கள் மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களுக்கு நடுவே நடப்பதை நான் பார்க்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது சிற்பக்கலை அல்ல, கமுதி வழக்கு.

பாலத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுவிலுள்ள இரண்டு கைகளையும் ஆட்கள் நின்று கையால் திருகித் தூக்குவார்கள். அந்த ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். சென்னையில் போட் மெயில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். தனுஷ்கோடி அன்றைக்கு வேடிக்கை பார்க்கிற இடமில்லை. சுங்கச்சாவடி, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் உள்ள பிழைப்புள்ள ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரும் போனது, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த பாம்பன் பாசஞ்சரும் போனது. ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியைச் சரிசெய்யவில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு எழுதிவிட்டது.

தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபர் 2இல். உண்மையான திருப்பம் அதுதான் என்பேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது, பார்க்க அழகுதான். ஆனால் சிவகாசிக்காரர்களைத் தீவுக்குக் கொண்டுபோனது ரயில் இல்லை, வேன். சனிக்கிழமை சாயங்காலம் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வாரச் சம்பளம் கைக்கு வரும். இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். திருத்தங்கல், அருப்புக்கோட்டை, பார்த்திபனூர், பரமக்குடி என்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியும்போது அக்னி தீர்த்தக் கடலில் கால். வேனில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், திரி வெட்டுகிறவர்கள், பெட்டி ஒட்டுகிறவர்கள். மாதாமாதம் சீட்டுக் கட்டி, வேன் பேசி, புருஷன்மார் இல்லாமலே வருகிற கூட்டமும் உண்டு. இவர்களுடைய பாட்டிமாரில் எத்தனை பேர் கடலைப் பார்த்திருப்பார்கள்?

கடல் என்றால் இங்கே இரண்டு. வடக்கே அலையடிக்காத பாக் நீரிணைப் பக்கத்தை மீனவர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். இரண்டுக்கும் நடுவே தனுஷ்கோடி போகிற தார்ச்சாலை 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் ஈர மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி ஜீப்பும் வேனும் ஓடும். துணிந்தவர்கள் மட்டும் போவார்கள். 2017 ஜூலை 27 அன்று தீவின் நுனியான அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. அதே நாளில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் திறந்தது. அன்றிலிருந்து பயணத்தின் வரிசையே மாறிவிட்டது. முன்பு கோயில்தான் காரியம், மற்றதெல்லாம் உபரி. இப்போது கலாம் வீடு, கலாம் நினைவிடம், பாம்பன் பாலத்தில் இறங்கி ஒரு படம், அரிச்சல்முனையில் இரண்டு படம். 22 தீர்த்தம் ஆட வரிசை நீளமாக இருந்தால், கோயிலை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று டிரைவரே சொல்லிவிடுவார்.

தனுஷ்கோடியில் பத்து நிமிடம்தான் நிற்பார்கள். கூரை போன மாதா கோயிலின் பவளக்கல் சுவர்மேல் ஏறி நிற்பார்கள். சாவு விழுந்த ஊர் என்ற எண்ணம் சங்கு, பாசிமணிக் கடைகளுக்கு நடுவே வருவதில்லை. தார்ச்சாலை கொடுத்த லாபம் பெரிது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். கூட்டம் கூடிவிட்ட இடங்களில் உலகம் முழுக்க இப்போது கதவைக் கொஞ்சம் சாத்துகிறார்கள். கிரேக்கத் தீவான சான்டோரினியில் 2025 ஜூலையிலிருந்து, கோடை உச்சத்தில் உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் 20 யூரோ வாங்குகிறார்கள். அந்த யோசனை இங்கே வேண்டாம். வாசலில் ஆளைத் தடுத்த கதையை இந்த மண் போதுமான அளவு பார்த்துவிட்டது. இடிந்த சுவரைச் சுற்றி ஒரு வேலியும், நடந்ததைச் சொல்ல ஒரு நல்ல பலகையும் போதும்.

அவசரத்துக்கு ரசனைக் குறைவு காரணம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நிற்கவும், கூட்டம் கலைந்த பிறகு பிரகாரத்தைச் சாவகாசமாகச் சுற்றவும் ஓர் இரவு தங்க வேண்டும். தங்கினால் திங்கட்கிழமை வேலை போகும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவளுக்கு வேலை போனால் கூலி போச்சு. தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைக்கிற வாரங்களில் போகலாமே என்றால், அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தீவில் கொட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிச் சாலையையே அடைத்துவிடுவார்கள்.

கோயில் வாசல் திறந்தாயிற்று, கடல்மேல் பாலம் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது இந்தத் திங்கட்கிழமைதான். ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. சிவகாசி முதலாளிகள் அதை ஏட்டில் வைக்காமல், மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையையாவது இந்தப் பெண்களுக்குக் கொடுக்கட்டும்.