முகமூடியை வரைந்த ஓவியர்

யப்பானிய மரக்கட்டை அச்சோவியம் என்றவுடன், கபுக்கி நடிகரின் உருட்டிய விழியும் கோணிய வாயுமே பலர்க்கு நினைவில் வரும். அங்கே ஓவியன் பணி ஓரளவு எளிது. வேண்டிய மெய்ப்பாட்டை முகமே நல்கிவிடுகின்றது. நோ நாடகமோ அத்தகையதன்று. தலைமை நடிகன் பெரும்பாலும் முகமூடி அணிந்தே ஆடுவான். காட்சித்திரைகள் இல்லை, பின்பலகையில் ஒரு பைன் மரம் தீட்டப்பட்டிருக்கும், அவ்வளவே. அசையாத முகத்தையும் வெறுமேடையையும் கொண்டு ஓவியன் என் செய்வான்?

இவ்வினாவை எதிர்கொண்டவர்களுள் தலைசிறந்தவர் சுக்கியோக்கா கோகியோ (1869–1927). புகழ்பெற்ற ஓவியர் யோஷிதோஷி இவர்தம் தாயை மணந்தவர். கோகியோ பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1868இல் சோகுன் ஆட்சி முடிவுற்றது. அவ்வாட்சியின் கொடையால் வாழ்ந்த நோக் கலைஞர் பலர் பிழைப்பிழந்து கலையைத் துறந்தனர். உமேவாக்கா மினோரு போன்ற சிலர் விடாது ஆடியதாலேயே அஃது அழியாது நின்றது. பிரபுக்களின் ஆதரவில் அக்கலை மீண்டும் தழைத்த காலத்தில், 1897 முதல் 1902 வரை, 'நோகாக்கு சுயே' என்னும் தொகுதியைக் கோகியோ வெளியிட்டார், ஓவியங்கள் 261.

நோ முகமூடி ஒன்றேயாயினும் அதன் குறிப்பு ஒன்றன்று. சற்றே நிமிர்ந்தால் ஒளி படர்ந்து மகிழ்வு தோன்றும். சற்றே தாழ்ந்தால் நிழல் படிந்து துயர் தோன்றும். ஓவியத்திலோ ஒரு சாய்வுக்கே இடமுண்டு. எக்கணத்தைத் தேர்வது என்பதிலேதான் ஓவியனின் நாடகப் பயிற்சி புலனாகும். 'ஹகொரொமோ' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். மியோக் கடற்கரையில் மீனவன் ஒருவன் தேவமகளின் சிறகாடையைக் கண்டெடுக்கிறான். அவள் ஆடிக்காட்ட இசைந்தபின்னரே திருப்பித் தருகிறான். ஆடை இழந்த துயரத்தை வரைவதா, அதனைப் பெற்று ஆடும் களிப்பை வரைவதா? முகமூடி இரண்டுக்கும் ஒன்றே.

முகம் அடங்கிய இடத்தில் ஆடை பேசுகின்றது. ஓவியர் வரைந்ததைச் செதுக்குவோர் செரிமரப் பலகையில் வெட்டுவர்; நிறந்தோறும் தனிக்கட்டை. அச்சிடுவோர் நீர்வண்ணம் பூசித் தாளை வைத்து மூங்கில் மடலுறையிட்ட தேய்ப்பானால் அழுத்துவர். மை பூசாத கட்டையை அழுத்தித் தாளிலேயே நெசவுப்புடைப்பை எழுப்புவதும் உண்டு. அந்நுட்பம் நூலிலுள்ள நிழற்படத்திற் புலப்படாது. மூலத்தைச் சாய்த்துப் பார்த்தலே வேண்டும்.

கோகியோவின் பிற்காலத் தொகுதி 1922இல் தொடங்கியது. மறு ஆண்டே பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்தது. எனினும் 1926 வரை பணி தொடர்ந்தது. 'நூறு நோ நாடகங்கள்' எனப் பெயரிட்டு 120 ஓவியங்களை அளித்தார்.