தோளில் ஒரு தழும்பு

காலை ஷிப்டுக்கு முன்பே சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம் பரபரப்பாகிவிடும். தாம்பரம் பக்கமிருந்தும் செங்கல்பட்டுப் பக்கமிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் ஒரகடம் சாலையில் நிற்கும் கம்பெனி பஸ்களை நோக்கி விரைகிறார்கள். விழுப்புரத்துக்காரர், பீகார்க்காரர், ஒடிசாக்காரர் என்று ஊரும் மொழியும் வேறு. ஆனால் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு ஒரே அடையாளம் இருக்கும்: இடது தோளுக்குச் சற்றுக் கீழே, பொட்டளவில் ஒரு தழும்பு. பிறந்த கையோடு போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு அது. காசநோயைத் தடுக்கும் என்று நம்பிப் போட்டது.

அந்த நம்பிக்கையை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம், பழைய செங்கல்பட்டு மாவட்டம்.

ஊசி செய்யும் வேலை

மற்ற ஊசிகள் பொதுவாகத் தழும்பு வைப்பதில்லை, பிசிஜி வைக்கிறது. காரணம், அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை, கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தை ஒடுக்கினார்கள். 1921-ல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது.

தோலுக்குள் நுழைந்த அந்தச் சோனிக் கிருமியை வெள்ளையணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடம் பருபோலப் புடைக்கிறது, பிறகு உடைந்து மெல்ல ஆறுகிறது. இதற்குள் ‘டி செல்கள்’ எனப்படும் வெள்ளையணுக்கள் கிருமியின் சாயலை மனப்பாடம் செய்துவிடுகின்றன. நாளை உண்மையான பகைவன் வந்தால் அடையாளம் காண இந்த ஒத்திகை உதவும் என்பது கணக்கு.

உள்ளே நடக்கும் முற்றுகை

உண்மையான பகைவன் காற்றில் வருகிறான். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிளம்பும் நுண்துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை இழுக்கிறவரின் நுரையீரல் சிற்றறைகளில் காவலுக்கு நிற்பவை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்கள். அவை கிருமியை விழுங்கி, அமிலமும் நொதிகளும் நிறைந்த பையில் போட்டுச் செரித்துவிடும். காசநோய்க் கிருமியிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. மெழுகுபோன்ற தடித்த சுவர் அதற்கு உண்டு. தன்னை அடைத்த பை அந்தச் செரிக்கும் பையோடு இணையாதபடி தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது.

சில வாரங்களில் டி செல்கள் வந்து சேர்கின்றன. இன்டர்பெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து மேக்ரோபேஜ்களுக்கு உரமேற்றுகின்றன. அப்போதும் கிருமி முழுவதும் சாவதில்லை. கொல்ல முடியாததைச் சுற்றி வளைப்பதே உடல் கண்ட வழி. செல்கள் அடுக்கடுக்காக நின்று கோட்டை கட்டுகின்றன. கிருமி உள்ளே சிறைப்பட்டு உறங்குகிறது. ஆளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்கும் தொற்றாது. இப்படிக் கிருமியைச் சுமப்பவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படும்.

கோட்டை எப்போது இடியும்? சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்ஐவி, புகை, மது ஆகியவை காவலைத் தளர்த்தும்போது. அந்த நிலையிலும் நுரையீரலைக் கிருமி மட்டும் தின்பதில்லை. போரில் நம் செல்களே கொட்டும் நொதிகள் திசுவைக் கரைத்து, கட்டித் தயிர்போல ஆக்கிக் குழி பறிக்கின்றன. அந்தக் குழி மூச்சுக்குழாயோடு சேர்ந்ததும், கிருமிக்கு வெளியே போக வாசல் கிடைத்துவிடுகிறது. மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் பெரும்பாலும் இந்தப் போரின் செலவுதான்.

செங்கல்பட்டு சொன்ன தீர்ப்பு

1950-களில் பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பிசிஜி சுமார் 80 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதில் கால்வாசிகூடத் தேறவில்லை. இந்தியாவிலோ 1948 முதலே இந்த ஊசி போடப்பட்டு வந்தது. 1955-ல் ராஜாஜி அதை எதிர்த்து நூலே எழுதினார். ஐயத்தைத் தீர்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் களமிறங்கியது. 1971-க்குள் ஏறக்குறைய 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

முதல் அறிக்கை 1979-லும், 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-லும் வெளிவந்தன. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லவே இல்லை. குழந்தைகளிடம் சுமார் 27 விழுக்காடு. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று புள்ளியியல் எச்சரித்தது.

லண்டனில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? வலுவான விளக்கம் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் பல நம் மண்ணிலும் நீரிலும் வாழ்கின்றன. பெரும்பாலும் தீங்கு செய்யாதவை. அவற்றோடு சிறு வயதிலிருந்தே பழகிய உடல், பிசிஜி வந்ததும் அதை அடக்கிவிடுகிறது, புதுப்பாடம் படிப்பதில்லை. அல்லது படிக்க வேண்டியதை மண்ணிடமே முன்பே படித்துவிட்டது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க பிசிஜியின் பலன் பொதுவாகக் குறைவதும் இதோடு ஒத்துப்போகிறது. நோய் எதிர்ப்பாற்றல் மனிதருக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததல்ல; அவரவர் ஊரில் உருவாவது.

இதனால் ஊசி வீண் என்று ஆகிவிடாது. கைக்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து பிசிஜி நன்றாகவே காக்கிறது. தவறாமல் போட வேண்டியதுதான். ஆனால் வளர்ந்தவருக்கு அந்தத் தழும்பு கவசமாகாது.

அப்படியானால் கவசம் எது? சோறும் காற்றும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே அறையில் பாய் விரித்துப் பலர் படுக்கும் இடங்களிலும், நைட் ஷிப்ட் முடிந்து டீயும் பன்னுமாகப் பசியை ஆற்றும் வாழ்க்கையிலும் இந்த இரண்டுக்குமே தட்டுப்பாடு.

நோய் வந்தாலும் வேலையையும் ஊரையும் விட்டு எங்கோ போய்ப் படுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் சானடோரியத்தில் சேர்ந்த அளவுக்குக் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியதும் சென்னையில் நடந்த ஓர் ஆய்வுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வரும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. நடுவில் நிறுத்தக் கூடாது. இன்றிரவு படுக்கப் போகுமுன் அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.