உருகாமலே காயும் சட்டை

கனடாவின் வினிபெக் நகரத்தில் மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிய வாசகி ஒருவர் கேட்கிறார்: "பக்கத்து வீட்டு அம்மா ஜனவரி மாதத்தில், மைனஸ் பத்து டிகிரியில், துவைத்த துணியை வெளியே கொடியில் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் விறைத்துப்போகிறது. தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வருகிறது. மறுநாள் சாயங்காலம் எடுத்து மடித்துவிடுகிறார். நடுவில் அது உருகவே இல்லை, ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீர் எங்கே போயிற்று?"

பதங்கமாதல் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது; பள்ளியில் கற்பூரத்தை வைத்து எல்லோரும் படித்ததுதான். ஆனால் கேள்விக்குள் அதைவிட ருசியான இன்னொன்று இருக்கிறது. அவ்வளவு குளிரில் பனிக்கட்டியைக் கிளப்பி விடுவது எது?

நெரிசலான டவுன் பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் சிக்கியவருக்கு நான்கு பக்கமும் ஆள்; நினைத்தாலும் நகர முடியாது. பனிக்கட்டிக்குள் இருக்கும் நீர் மூலக்கூறும் நான்கு அண்டைக்காரர்களோடு பிணைந்து இப்படித்தான் நிற்கிறது. படிக்கட்டில் தொங்குபவர் கதை வேறு. ஒரு கைப்பிடி, அரைக்கால் இடம், அவ்வளவுதான். குளிர்ந்தால் பஸ்ஸின் குலுக்கல் குறையும், நின்றுவிடாது. மைனஸ் பத்திலும் ஏதோ ஒரு குலுக்கலில் ஒருவர் பிடி நழுவி வெளியே போகிறார்; பின்னால் நின்றவர் படிக்கட்டுக்கு வருகிறார். இறங்கியவர்கள் நிறுத்தத்திலேயே நின்றால் மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். ஏறுவோரும் இறங்குவோரும் சமமானால் கூட்டம் குறையாது, அதாவது ஈரப்பதம் நூறு சதவீதம். காற்று வீசினால் நிறுத்தத்தில் நிற்பவர்களை ஷேர் ஆட்டோ அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. கடைசியில் கண்டக்டர் மட்டும் மிஞ்சுவார். பருத்தி நூலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் கொஞ்ச நீர்தான் அவர். எந்த ஊர்க் கொடியிலும் அவர் முழுசாக இறங்குவதில்லை.

படிக்கட்டில் பிடி தளர்வாக இருப்பதை 1850-லேயே மைக்கேல் ஃபாரடே மோப்பம் பிடித்திருந்தார். உறைநிலையை ஒட்டிய குளிரில், பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்றார். அதைச் சரிவர அளந்து பார்க்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

இனி கணக்கு. மூலக்கூறுகள் பிடி நழுவி வெளியேறும் வேகத்துக்கு அளவுகோல் ஆவியழுத்தம்; அதன் அலகு பாஸ்கல். இருபது டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 2,340 பாஸ்கல். மைனஸ் பத்தில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் 260. ஒன்பதில் ஒரு பங்கு, ஆனால் பூஜ்யம் அல்ல. துணி காய்வதைத் தீர்மானிப்பது இந்த எண் தனியாக அல்ல. துணியில் இருக்கும் அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஆவியின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். சென்னையில் ஐப்பசி அடைமழை நாள், 26 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் அந்த வித்தியாசம் 170 பாஸ்கல்தான் வரும். வினிபெக்கில் மைனஸ் பத்து, ஈரப்பதம் எழுபது என்று வையுங்கள்: 80 பாஸ்கல்கூடத் தேறாது. சென்னைதான் ஜெயிக்கிறது.

ஆனால் வினிபெக்கின் பனிக்காலத்தில் வானம் பளிச்சென்று இருக்கும் நாள்கள் நிறைய. கருநீல ஜீன்ஸ் மேல் வெயில் விழுந்து, துணி மட்டும் காற்றைவிட எட்டு டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதிலுள்ள பனியின் அழுத்தம் இரட்டிப்பாகி 517 ஆகிறது. காற்றில் இருப்பதோ, 260-இல் எழுபது சதவீதமான அதே 180. வித்தியாசம் 330-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த மைனஸ் இரண்டு டிகிரி ஜீன்ஸ் இப்போது மழைக்காலச் சென்னையின் கொடியை இரண்டு மடங்கு விஞ்சுகிறது, ஒரு சொட்டும் உருகாமல்! எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதே இல்லை. என்ன, பலமாகக் காற்றடித்தால் வெயில் ஏற்றிய சூட்டையும் அது பிடுங்கிக்கொண்டு போய்விடும். மைனஸ் முப்பதில் பனியின் அழுத்தம் வெறும் 38 பாஸ்கல். அன்றைக்குக் கொடி கட்டுவது வீண் வேலை.

வேலை என்று பார்த்தாலும் சுகமானது அல்ல. ஈரக் கையோடு மைனஸ் பத்தில் கிளிப் போட்டால் விரல் நுனி முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் கிளிப் குளிரில் படக்கென்று முறிவதால் மரக் கிளிப்புக்குத்தான் மரியாதை. விறைத்த சட்டையை மடக்கக் கூடாது; உதறலாம். உதறினால் பனி பொடியாகக் கொட்டுவதைப் பார்க்கலாம், ஆவியாகக் காத்திராமல் வெளியேறும் ஈரம் அது. கடைசியாக அலசும் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டால் துணி கொடியோடு ஒட்டிக்கொள்ளாது என்பது பழைய வீட்டுக் குறிப்பு. ஒட்டாது, உண்மைதான். ஆனால் உப்பு ஈரத்தை விடாது. காயப்போடப் போகிற துணிக்கு அது தோதான நண்பன் அல்ல.

இதன் பேரில் நடக்கும் கூத்துக்கும் குறைவில்லை. 2019 ஜனவரிக் கடுங்குளிரில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் பக்கம், ஈர ஜீன்ஸை விறைக்கவிட்டு, உள்ளே ஆளே இல்லாமல் தெருவோரம் நிறுத்திப் படமெடுத்துப் பரப்பினார்கள். அது தமாஷ், போகட்டும். "குளிரில் உலர்த்தினால் கிருமி எல்லாம் செத்துவிடும்" என்று சொல்கிறார்களே, அதுதான் எரிச்சல். ஆய்வகங்களில் பாக்டீரியாவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காப்பாற்றி வைப்பதே உறைகுளிரில்தான். தூசிப்பூச்சி சாகும், அது சரி. ஒவ்வாமை தருவதோ பெரும்பாலும் அதன் எச்சம். அது துவைத்தால்தான் போகும். துண்டு மிருதுவாக வரும் என்பதைப் பாதி நம்பலாம். திரவமாகக் காயும்போது நீர் நூலிழைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைக்கிறது. பனியாக இருந்து நேரே ஆவியானால் அந்த இழுப்பு இல்லை.

இப்படி உறையவைத்து உலர்த்துவதன் வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ஆண்டீஸ் மலைக்காரர்கள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவைத்து, மிதித்து, பகல் வெயிலில் உலர்த்தி 'சூன்யோ' செய்வது பல நூற்றாண்டுப் பழக்கம். இரண்டாம் உலகப் போரில் இரத்தப் பிளாஸ்மாவை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1938-இல் வந்த நெஸ்கஃபேயையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. தவறு. அது சூடான காற்றில் தெளித்து உலர்த்தியது. துணிக்கொடிக்கும் ஒரு வரலாறு உண்டு: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008-இல்தான், தனி வீடுகளில் கொடி கட்டக் கூடாது என்ற குடியிருப்பு ஒப்பந்தங்களுக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்தது. அதுவரை கொடி கட்டினால் பேட்டையின் அழகு கெடுமாம்.

உண்மையில் அவசரத்துக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. மைனஸ் பத்துக் காற்று ஈரத்தால் நிரம்பியே இருந்தாலும், வீட்டுக்குள் வந்து இருபது டிகிரிக்குச் சூடேறியதும் அதன் ஈரப்பதம் பதினொன்று சதவீதமாகச் சரிந்துவிடும். உதடு வெடிப்பதும், கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிப்பதும் இதனால்தான். அந்த அறையில் துணி ஸ்டாண்டை விரித்தால் சட்டை ஒரே இரவில் காயும், உதட்டுக்கும் கொஞ்சம் ஆறுதல். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோக்கத் தொடங்கினால் ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும், அடுத்தது பூஞ்சைதான். இலவசம் என்றும் எண்ண வேண்டாம். ஒரு கிலோ பனியை ஆவியாக்க 2,830 கிலோஜூல், முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். அதை வெளியே வெயிலும் காற்றும் தருகின்றன. உள்ளே, நீங்கள் பணம் கட்டும் ஹீட்டர்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாசகி கேட்க மறந்த ஒன்று உண்டு: காய்ந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? விறைப்புப் போய்த் துணி தொய்ந்தால், பெரும்பகுதி பனி போய்விட்டது என்று அர்த்தம். எடுத்தவுடன் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நம் தோலில் சூட்டுக்கும் குளிருக்கும் அழுத்தத்துக்கும் உணர்விகள் உண்டு, ஈரத்துக்கென்று ஒன்றும் இல்லை. குளிர்ச்சியையும் தொடுகையையும் கூட்டித்தான் மூளை ஈரம் என்று ஊகிக்கிறது. அதனால் மைனஸ் பத்திலிருந்து எடுத்துவந்த காய்ந்த சட்டையும் கைக்கு நனைந்ததாகவே தோன்றும். நாற்காலி முதுகில் கால்மணி நேரம் போட்டுவைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு தொட்டுப் பார்ப்பதே சரி.