முப்பத்தாறு பிட் பொறி



கணிப்பொறி அறிந்தவை ஒன்றும் சுழியும் ஆகிய இரண்டே இலக்கங்கள். அவ்விலக்கம் ஒவ்வொன்றும் பிட் எனப்படும். பொறி ஒரே வேளையில் எடுத்தாளும் பிட்டுகளின் தொகுதிக்குச் ‘சொல்’ என்று பெயர். 32, 64 என்றே கேட்டுப் பழகிய உங்களுக்கு, 36 பிட் கொண்ட சொல்லும் இருந்தது என்றால் வியப்பாயிருக்கும்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி ‘சி’ மொழியை ஆக்கினார். அது வளர்ந்த பிடிபி-11 பொறியின் சொல் 16 பிட். நாம் எழுதும் சி நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அது ஹனிவெல் 6000 வரிசைக்குச் சென்றபோது எதிர்ப்பட்டதே 36 பிட் சொல். எழுத்துக்கு 8 பிட் என்றால் நான்கு எழுத்துப் போக 4 பிட் எஞ்சும். ஆகவே அங்கே எழுத்துக்கு 9 பிட்.

இடர் எங்கே? 16 பிட்டும் ஒன்றாயிருந்தால் பிடிபி-11 அதை மைனஸ் 1 எனக் கொள்ளும். ‘மைனஸ் 1 வந்தால் நிறுத்து’ என்பதற்குப் பதிலாகப் பதினாறு ஒன்றுகளையே ஒருவர் எழுதிவைத்தார் என்க. ஹனிவெல்லில் மீதி 20 இடங்களும் சுழியாகிவிடும், மதிப்பு 65,535. மைனஸ் 1 வந்தாலும் நிரல் நிற்காது. நான்கு கட்டத் தாளில் பழகிய சிறுவன், இடக்கோடிக் கட்டமே ஆயிரம் என்று மனத்தில் இருத்திக்கொண்டு, ஆறு கட்டத் தாளிலும் அப்படியே எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அவனை நான் கடிந்ததில்லை. அதுவரை அவன் எண்ணியது சரியாகவே இருந்தது.

இதனினும் பொல்லாதது ஒன்றுண்டு. கம்பைலர் 16 பிட் பொறியில் ஓடிக்கொண்டே 36 பிட் பொறிக்குக் கட்டளை ஆக்கலாம். நிரலில் 40,000 கூட்டல் 30,000 என்றிருந்தால், சில கம்பைலர்கள் அதைத் தாமே முன்கூட்டிக் கூட்டி விடையை எழுதிவிடும். தான் ஓடும் பொறியின் 16 பிட்டிலேயே கூட்டினால், 65,536 கழிந்து 4,464 என்றாகும். 70,000 எளிதில் அடங்கும் பொறிக்குள் இத்தவறான விடை போய் அமரும். அங்கே எவ்வளவு தேடினும் பிழையின் பிறப்பிடம் அகப்படாது.

பின்னர் ஸ்டீபன் ஜான்சன், பொறிக்கே உரிய பகுதிகளைத் தனியே பிரித்து, எடுத்துச் செல்லத்தக்க கம்பைலரை அமைத்தார். ‘சைஸ்ஆஃப்’ என்று கேட்டால் அளவைச் சொல்லும் வசதியும் மொழியில் உண்டு. முழு எண்ணின் அளவைக் கேட்டால் பிடிபி-11 இரண்டு என்னும். ஐபிஎம் 370 நான்கு என்னும். ஹனிவெல்லும் நான்கே என்னும். எண்ணுவது எழுத்துகளை, ஐபிஎம்மின் நான்கு 32 பிட், ஹனிவெல்லின் நான்கு 36 பிட்.