துளை முதலில், மணி பிறகு

தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் புதுச்சேரி பக்கம் வருகிறவர்கள், அரியாங்குப்பம் பாலம் ஏறுவதற்கு முன் கிழக்கே திரும்பினால் காக்காயன்தோப்பு. அங்கே ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கிறது பழந்துறைமுகமான அரிக்கமேடு. போகிறவர்களில் பலர் ஒரு செங்கல் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ‘ரோமானியர் கட்டியதாம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். அரிக்கமேட்டின் அசல் பெருமை, பெரும்பாலும் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாத கண்ணாடி மணிகளில் இருக்கிறது.

1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது அவருக்கு வேண்டியிருந்தது காலக்கணக்கு. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மட்கலங்கள் எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் முன்பே முடிவாகியிருந்தது. அவற்றின் துண்டுகள் கிடைத்த மண்ணடுக்கை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு பிடி கிடைத்தது. பிறகு இன்னொரு தொல்லியலாளர் கசால் வந்தார்; 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டினார். ஆனாலும் இங்கே கிடைத்த ரோமானிய மது ஜாடியைப் பற்றிப் பேசியதில் கால்பங்குகூட நாம் மணியைப் பற்றிப் பேசவில்லை. ஜாடி கப்பலில் வந்திறங்கிய சரக்கு. மணி இந்த மண்ணில் உலை வைத்துச் செய்த சரக்கு.

மூன்று மில்லிமீட்டர் கண்ணாடித் துணுக்கில் எப்படித் துளை போடுவது? துளைக்கப் போனால் தெறித்துவிடும். கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மணியாகச் செய்யலாம். உலகின் பல மூலைகளில் அப்படித்தான் செய்தார்கள். கப்பல் கப்பலாக அனுப்ப வேண்டுமென்றால் அது கட்டுப்படியாகாது. அரிக்கமேட்டுக் கைவினைஞர்கள் முதலில் துளையைச் செய்தார்கள். மணி அதற்கப்புறம்தான்.

இந்த முறையை ஆந்திரத்தில், திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் கையாண்டிருக்கிறார்கள். மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், அங்கே பார்த்த வேலையை அரிக்கமேட்டில் கிடைத்த உடைந்த குழாய்களோடும் கண்ணாடிக் கழிவுகளோடும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே தொழில்தான் என்று வாதிட்டார். ‘லடா’ என்ற நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைச் சேர்த்துக் கூம்பாக உருட்டுகிறார்கள். குழல் வழியே ஒரு கம்பியைச் செலுத்தினால் கூம்பின் நடுவில் துளை விழுகிறது. கூம்பை உலைக்குள் வைத்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறார். மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறார். வெளியே வருவது ஒல்லியான கண்ணாடிக் குழாய்.

கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப் போல ஒரே சூட்டில் சட்டென்று உருகும் குணம் கிடையாது. சூடு ஏற ஏற இளகும். ஆற ஆற இறுகும். ஜவ்வு மிட்டாய் போல நீளும் அந்த இடைநிலையில்தான் வேலை நடக்கிறது. இழுபட்டு மெலிந்த பகுதி சீக்கிரம் ஆறி விறைத்துவிடுவதால் அது மேலும் மெலியாது. உலைக்குள் இளகியிருக்கும் பகுதிதான் அடுத்து நீளும். அதனால் இழுப்பின் வேகம் சீராக இருந்தால் குழாயின் பருமனும் சீராக இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் கட்டி ஐந்து மில்லிமீட்டர் குழாயானால், குறுக்களவு பத்தில் ஒன்றாகிறது, நீளம் நூறு மடங்காகிறது. துளையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சுருங்குகிறது. மேற்பரப்பு இழுவிசை அதை மூடப் பார்க்கும். சூடு மிஞ்சினாலும் கை தாமதித்தாலும் துளை போய்விடும். இன்றைய ஒளியிழைத் தொழிற்சாலையிலும் தடித்த கண்ணாடித் தண்டை உருக்கி இழுத்து இதே கணக்கில்தான் இழையாக்குகிறார்கள்.

குழாயைக் கூரிய விளிம்பில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டினால் மணி வந்துவிடும். ஆனால் ஓரம் கையைக் கிழிக்கும். துண்டுகளைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் சூடாக்குகிறார்கள். சற்றுமுன் துளையை மூடப் பார்த்த அதே இழுவிசை, இப்போது ஓரங்களை மழுங்கவைத்து உருண்டையாக்குகிறது. துளைக்குள் அடைந்த சாம்பல் அதை மூடவிடாது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் விடாது.

நிறத்துக்கு வருவோம். தாராளமாகக் காற்றுப்பட உருக்கினால் செம்பு கண்ணாடிக்கு நீலப்பச்சை தரும். உலையில் காற்றைக் குறைத்துப் புகைமூட்டம் போட்டால், அதே செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து ஒளி புகாத செங்கல் சிவப்பைத் தரும். ஆக்சிஜன் என்ற பேரே இல்லாத காலத்தில், தீயின் நிறத்தையும் புகையையும் பார்த்தே இதைச் சாதித்திருக்கிறார்கள். இதோடு ஒப்பிட்டால் ரோமானிய ஜாடி எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

பிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் மணித்தொழில் நடந்தது. அரிக்கமேட்டுத் தொழிலாளர்களே அங்கெல்லாம் போயிருக்கலாம் என்பது அவர் கருத்து. பிற்கால வேதியியல் சோதனைகள் கதையைச் சிக்கலாக்கின. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் மணிகளுக்குள் வெவ்வேறு கண்ணாடிக் கலவைகள் இருந்தன. உலைகளும் வணிக வழிகளும் ஒன்றல்ல, பல. 523இல் இறந்த கொரிய அரசர் முர்யோங்கின் கல்லறை 1971இல் கிடைத்தபோது, அதிலிருந்த ஏராளமான கண்ணாடி மணிகளுக்குள் இந்த வகைச் சிறுமணிகளும் இருந்தன. அவை எந்த உலையில் பிறந்தவை என்பதை வேதியியல்தான் சொல்ல வேண்டும். எப்படிப் பிறந்தவை என்பதைச் சொல்ல ஒரு பூதக்கண்ணாடி போதும். சுற்றிச் செய்த மணியில் காற்றுக்குமிழிகள் துளையை வளைத்துப் படுத்திருக்கும். இழுத்துச் செய்த மணியில் அவை நீண்டு மெலிந்து, துளை போகும் திசையிலேயே ஓடும்.