நாய்க்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம்!

"இன்றைக்குப் பரீட்சை. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை!" என்றார் அந்த அம்மாள், காப்பிக் கோப்பையை மேஜைமீது வைத்தபடி.

எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு வயது 68. அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பியவருக்கு, இந்த வயதில் என்ன பரீட்சை?

"எனக்கில்லை, இவளுக்கு!" என்று மேஜைக்கு அடியில் கையைக் காட்டினார்.

அங்கே பழுப்பு நிற நாய் ஒன்று, முன்னங்கால்களின்மீது முகவாயை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படுத்திருந்தது. பெயர் பென்னி. பரீட்சையைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை. கவலை முழுவதையும் எஜமானியே குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்!

நாய்க்குப் பரீட்சையா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் என்பது 1884-ல் தோன்றிய பழைய சங்கம். உயர்ந்த இன நாய்களின் வமிசாவளியைப் பதிந்து வைப்பதும், கண்காட்சிகளை நடத்துவதும் அதன் பிரதான வேலை. அந்தச் சங்கம் 1989-ல் ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. 'கேனைன் குட் ஸிடிஸன்' என்று அதற்குப் பெயர். 'நல்ல குடிமகன்' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பட்டத்தை நாய்க்குக் கொடுக்கிறார்கள். தேறிய நாயின் பெயருக்குப் பின்னால் 'ஸி.ஜி.ஸி.' என்று போட்டுக்கொள்ளலாம், நம்முடைய பி.ஏ., எம்.ஏ. மாதிரி!

இதில் அழகுப் போட்டி கிடையாது. குலம் கோத்திரமும் கேட்பதில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த கலப்பின நாயும் வரலாம். பென்னியே அப்படி வந்தவள்தான். அநாதை நாய்களின் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தார்களாம்.

பத்துக் கேள்வி, பத்துக்குப் பத்து

பரீட்சையில் பத்துப் பகுதிகள். ஒன்பதில் தேறி ஒன்றில் தவறினாலும் பத்திரம் கிடையாது. பரீட்சை நேரத்தில் வாயால் தட்டிக் கொடுக்கலாம், "சபாஷ்" சொல்லலாம். ஆனால் பிஸ்கோத்தைக் காட்டி ஆசை மூட்டக் கூடாது. உறுமினாலோ, கடிக்கப் பாய்ந்தாலோ அத்துடன் சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்நியர் ஒருவர் வந்து எஜமானியிடம் கைகுலுக்கிப் பேசும்போது நாய் கூச்சலும் பாய்ச்சலும் இல்லாமல் இருக்க வேண்டும். இது முதல் பகுதி. அந்த அந்நியர் தடவிக் கொடுக்கும்போது பதவிசாக உட்கார்ந்திருக்க வேண்டும். சீப்போ பிரஷ்ஷோ கொண்டு அவர் மயிரை வாரி, காதைப் பார்த்து, முன்னங்கால்களைத் தூக்கிப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும். நாளைக்கு மிருக வைத்தியரிடம் போனால் அமர்க்களம் செய்யாமல் இருக்க இது ஒத்திகை.

நாலாவது, வார் தொய்ந்திருக்க, இழுக்காமல் கூட நடப்பது. ஐந்தாவது, ஜனங்களுக்கு நடுவே புகுந்து நடப்பது. ஆறாவதில் 'உட்கார்', 'படு' என்றால் கேட்க வேண்டும். பிறகு, சொன்ன இடத்தை விட்டு அசையாமல் இருக்க வேண்டும். எஜமானி 20 அடி தூரம் போய்த் திரும்பி வருவார். ஏழாவதில் 10 அடி தள்ளி நின்று அழைத்தால் வர வேண்டும். எட்டாவதில், இன்னொருவர் தம்முடைய நாயுடன் எதிரே வருவார். மனிதர்கள் இருவரும் நின்று க்ஷேமம் விசாரிப்பார்கள். நாய்கள் இரண்டும் க்ஷேமம் விசாரிக்கப் போகக் கூடாது! ஒன்பதாவதில் திடீரென்று ஒரு நாற்காலி தடாலென்று விழும். அல்லது யாராவது குறுக்கே ஓடுவார்கள். திடுக்கிடலாம், தவறில்லை. மிரண்டு ஓடவோ குரைக்கவோ கூடாது.

பத்தாவதுதான் கடைசிக் கண்டம். எஜமானி வாரைப் பரீட்சகரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணுக்கு மறைவாகப் போய்விடுவார், மூன்று நிமிஷத்துக்கு. அதுவரை நாய் ஓயாமல் குரைக்காமல், முனகாமல், இங்குமங்கும் அலையாமல் இருக்க வேண்டும்.

பாடம் யாருக்கு?

"எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அடித்தா? ஒருநாளும் இல்லை" என்றார் அம்மாள். "வாரை இழுத்தால் நான் மரம்போல் நின்றுவிடுவேன். வார் தொய்ந்தால் நடப்பேன். இழுத்தால் காரியம் ஆகாது என்று ஒரு வாரத்தில் அவளுக்கே புரிந்துவிட்டது. யார் வந்தாலும் மேலே தாவுவாள். வருகிறவர்களிடம், 'அவள் நாலு காலும் தரையில் வைக்கிற வரையில் முகம் கொடுக்காதீர்கள்' என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். நாயைப் பழக்குவது சுலபம். விருந்தாளிகளைப் பழக்குவதுதான் கஷ்டம்!"

அவர் சொன்னதில் இன்னொன்று என் மனத்தில் தங்கியது. நாயைக் கூப்பிட்டுத் திட்டவே கூடாதாம். பெயரைச் சொல்லி அழைத்தால் நல்லதுதான் நடக்கும் என்ற நம்பிக்கை அதற்கு இருக்க வேண்டும். திட்டுவதற்காக ஒருமுறை கூப்பிட்டால், அடுத்த முறை கூப்பிடும்போது அது யோசிக்கும். இது நாய்க்கு மட்டுந்தானா பொருந்தும்? குழந்தை வளர்க்கிற தாய்மார்கள் சொல்லுங்கள்!

எல்லாம் சரி, ஏன் இவ்வளவு கவலை?

அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இது இரண்டாந்தடவை. போன தடவை ஒன்பது பகுதியும் தேறினாள். பத்தாவதில் நான் கதவுக்கு வெளியே போனதும் குரைக்கத் தொடங்கியவள், திரும்பி வரும் வரையில் நிறுத்தவில்லை. என் கணவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அன்று முதல் நான் இவளைத் தனியாக விட்டதே இல்லை. கடைக்குப் போனாலும் காரில் இவள். அடுத்த மாதம் எனக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். ஆனால் ராப்பகலாக ஒரு நாய் அழுதுகொண்டிருந்தால் எத்தனை நாள் பொறுப்பாள்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த மூன்று நிமிஷம் விளையாட்டல்ல. தமக்கு ஏதாவது நேர்ந்தால் பென்னி பிறர் கையில் இருந்து பிழைக்குமா என்பதே கேள்வி.

அதற்கு அவர் செய்த அப்பியாசம் இது. முதல் நாள் அறைக்கு வெளியே ஐந்தே விநாடி. பிறகு பத்து. பிறகு அரை நிமிஷம். பென்னி அழுவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவார். போகும்போது கொஞ்சலும் இல்லை. வரும்போது கொண்டாட்டமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணே வாரைப் பிடித்துக்கொள்வாள். இப்படியே இரண்டு மாதம். "கட்டிக்கொண்டு விடைபெறுகிற வழக்கத்தை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது" என்றார். "அவளுக்கல்ல, எனக்கு."

மூன்று நிமிஷம்

பரீட்சைக்கூடத்துக்கு நானும் போனேன். முதலில் எஜமானர்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். நாயின் ஆரோக்கியத்தைக் கவனிப்பேன், கட்டவிழ்த்துத் திரிய விடமாட்டேன், பொது இடத்தில் அது அசுத்தம் செய்தால் நானே அள்ளுவேன் என்றெல்லாம். நல்ல குடிமகன் பட்டம் நாய்க்கு; உறுதிமொழி மனிதருக்கு. நியாயந்தானே?

ஒன்பது பகுதிகள் மளமளவென்று நடந்தன. நாற்காலி விழுந்தபோது பென்னி காதை நிமிர்த்தினாள்; அவ்வளவுதான். பிறகு அம்மாள் வாரைப் பரீட்சகரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். நானும் பின்தொடர்ந்தேன்.

தாழ்வாரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. அம்மாளின் கை என் கையை இறுகப் பற்றியது. பிறகு நிசப்தம். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று நிமிஷம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கதவு திறந்தது. பரீட்சகரின் காலடியில் பென்னி படுத்திருந்தாள், கண்ணைக் கதவைவிட்டு எடுக்காமல். அம்மாளைக் கண்டதும் வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. பரீட்சகர் புன்னகையுடன் காகிதத்தில் பத்தாவது கோட்டையும் போட்டார்.

பென்னி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுததெல்லாம் அவளுடைய எஜமானிதான்.

காரில் திரும்பும்போது, "இனி நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் அல்லவா?" என்று கேட்டேன்.

"போவேன்" என்றார். பின் ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருந்த பென்னியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "நான் திரும்பி வருவேன் என்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் நான் வந்தாக வேண்டுமே!" என்றார்.