பக்கத்தைப் பார்க்காமல் வாசிக்கும் பிள்ளை

ஒரு பொங்கல் விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகனை, "மாமாவுக்குப் படிச்சுக் காட்டுடா" என்றாள். அவன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து ஒரு பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். எங்கும் தடங்கல் இல்லை. அக்கா முகத்தில் பெருமை. நான் இரண்டாவது பத்தியின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னடா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. பாடத்தின் முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "குருவி" என்றான். மேசைமேல் கிடந்த நாளிதழில் ஒரு பாத்திரக் கடை விளம்பரத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்க புக்குல இல்லையே" என்றான்.

அவனுடைய மதிப்பெண் அட்டையில் தமிழுக்கு 'ஏ' கிரேடு.

பையன்மேல் குற்றமில்லை. காதால் கேட்டதை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரன். ஆனால் இன்னும் இரண்டு வருடத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் கனமாகி வரும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் போதாது. அப்போது 'ஐந்தாம் வகுப்பில் திடீரென்று மந்தமாகிவிட்டான்' என்பார்கள். திடீரென்று ஒன்றும் நடந்திருக்காது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு 'பெயில்' என்று பட்டம் கட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் இதில் பெற்றோருக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது. பெயில் என்ற அபாயச் சங்கு இனி ஊதாது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைப் பார்ப்பது? கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கியது. மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி தர வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் ஆசிரியரிடம் 'என்ன மார்க்?' என்று கேட்பதைவிட, 'எம் புள்ள அரும்பா, மொட்டா? ஜூன்ல எங்க இருந்தான், இப்ப எங்க இருக்கான்?' என்று கேளுங்கள்.

தேசிய அளவிலான 'நிபுண் பாரத்' இலக்குகளும் கையில் இருந்தால் நல்லது. ஒன்றாம் வகுப்பு முடிவில் நாலைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியத்தைப் புதிதாகப் பார்த்தாலும் வாசிக்க வேண்டும், 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். இரண்டாம் வகுப்பில் 999 வரை. மூன்றில் 9999 வரை, கூடவே எளிய பெருக்கல். இதில் 'புதிதாகப் பார்த்தாலும்' என்ற ஒரு வார்த்தைதான் அக்கா மகனைப் பிடித்துக் கொடுத்தது.

கணக்கிலும் இப்படி ஒரு மறைவிடம் உண்டு. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று தலையில் குட்டாதீர்கள். இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அந்தப் பிள்ளை ஒரு விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறது, விதிதான் தவறு. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பத்துத் தடவை எழுத வைத்தால் இது சரியாகாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி என்று தரையில் வையுங்கள். அதிலிருந்து 27 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஏழு உதிரிக்கு வழியில்லாமல் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். கடன் என்றால் என்னவென்று அப்போதுதான் அதற்குப் புரியும்.

இனி சட்டம். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 சதவீத இடஒதுக்கீட்டுக்காக மட்டுமே அதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் 24-ஆம் பிரிவு, பாடத்திட்டத்தைக் காலத்தில் முடிப்பதும், ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் கணித்துத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்றுத்தருவதும், பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வதும் ஆசிரியரின் கடமை என்கிறது. 'உங்க பையன் ஸ்லோ, டியூஷன் போடுங்க' என்று அனுப்பிவிடுவது அந்தக் கடமையில் சேராது. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதையே 28-ஆம் பிரிவு தடுக்கிறது. அடிப்பதற்கும் மனத்தை நோகடிப்பதற்கும் 17-ஆம் பிரிவின்படி தடை. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்ற கணக்கும், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்ற கணக்கும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. 2020-இல் வந்த தேசியப் புத்தகப்பை கொள்கையும் அதையே சொல்கிறது. பை எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அதில் உண்டு. இதைச் சொன்னால் சில பெற்றோரே சண்டைக்கு வருகிறார்கள், 'ஹோம்வொர்க் இல்லாத ஸ்கூலுக்கு எதுக்கு ஃபீஸ்?' என்று. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் எழுத்து பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமலே ஒரு வருடத்தை ஓட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் கோளாறு இல்லையென்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதையும் ஊனமாக ஏற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். சோம்பேறி, மக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

பள்ளியில் பேச முதல் ஆள் வகுப்பாசிரியர்தான், அடுத்து தலைமையாசிரியர். அரசு, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். டீக்கும் பிஸ்கட்டுக்கும் கூடிக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடாமல், 'மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் சரளமாக வாசிக்கிறார்கள்?' என்ற கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லலாம். சுயநிதித் தனியார் பள்ளியில் இந்தக் குழு கிடையாது. அங்கே தீராத குறையை மாவட்டக் கல்வி அலுவலரிடம், தனியார் பள்ளிகளுக்கென்று இருப்பவரிடம், கொண்டுபோக வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர். போனில் கேட்க 14417, பிள்ளைக்கு அடி, கொடுமை என்றால் 1098.

எழுத்தில் கொடுக்கும் புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆகவே மனுவில் பிள்ளையின் வகுப்பு, எந்தத் தேதியில் யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்காமல் அலுவலகத்தைவிட்டு நகராதீர்கள், மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.